கூடையில் 63 துணி, காலையில் உடுத்த ஒன்றுமில்லை

செந்தூல் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 27, கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் பக்கம் கணக்குப் பிரிவில் வேலை. ராத்திரி படுத்தபடியே ஷாப்பி, சலோரா என்ற இரண்டு இணையக் கடைகளிலும் துணி பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பார்த்தாலே மனசு லேசாகும். முக்கால்வாசி வாங்குவதில்லை, கூடையில் போட்டு வைப்பதோடு சரி. இப்போது அதில் 63 இருக்கிறது. ஆனால் காலையில் அந்த நாலு டாப்ஸைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறேன். போன 11.11 (நவம்பர் 11) விற்பனையில் 140 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூன்று வாங்கினேன். ஒன்று தோளில் இறுக்கிப் பிடிக்கிறது. மற்ற இரண்டும் கொமுட்டர் ரயிலில் ஏறுவதற்குள் வேர்த்து முதுகில் ஒட்டிக்கொள்கின்றன. ஆபீஸுக்குள் போனால் ஏர்கோன் குளிர் தாங்கவில்லை. மாதம் 150 வெள்ளிக்கு மேல் துணிக்கு ஒதுக்க முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஊசிநூல் அக்கா, பிரிக்பீல்ட்ஸ்:
தங்கச்சி, 22 வருஷமாகத் தைக்கிறேன். அந்தக் கூடையை அழித்துவிடாதே, அதில்தான் உன் விருப்பம் இருக்கிறது. 63-ஐயும் ஒருமுறை திரும்பப் பார். கை நீளம், கழுத்து, நிறம், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணு. அதைத்தான் நீ உடுத்துவாய். ஒரே ஒரு தடவை வந்த மினுமினுப்புக் கவுன் பார்த்த சந்தோஷத்தோடு போகட்டும்.

அப்புறம் அளவு. அந்த நாலில் நன்றாக உட்காரும் ஒன்றை மேசையில் விரித்து அளந்துகொள்: தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள், கழுத்தடியிலிருந்து கீழ்விளிம்பு வரை. போனில் எழுதி வை. எம், எல் என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும். அட்டவணையில் போட்டிருப்பது துணியின் அளவா, உடம்பின் அளவா என்று விற்பவரிடம் கேட்டுவிடு. என்னிடம் திருத்தக் கொண்டுவரும் துணியில் பாதி இந்தக் குழப்பத்தில் வாங்கியதுதான்.

முதுகில் ஒட்டுவது பாலியெஸ்டராகத்தான் இருக்கும், உள்பக்க லேபிளைப் பார். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தி, லினன், ரேயோன் நல்லது. ரேயோன் துவைத்தால் சுருங்கும், கொஞ்சம் தாராளமாக எடு. குளிருக்கு ஒரு கறுப்புக் கார்டிகன் ஆபீஸ் நாற்காலியிலேயே கிடக்கட்டும்.

பட்டவொர்த்காரன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. கூடையில் உள்ளவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளி வரையுள்ள பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. 40 வெள்ளி டாப்ஸ் 44 ஆகும், தபால் செலவு தனி. அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் உள்ளூர்க் கடை என்றால்தான் சுலபம். வாங்கியவர்கள் போடும் படங்களில், தங்கள் உயரம் எடை எழுதியிருப்பவர்களின் படத்தை மட்டும் பார்ப்பேன். கால்சட்டைக்கு, பழைய துணி விற்கும் பண்டல் கடை போங்கள். என் தங்கை ஆபீஸுக்குப் போடும் இரண்டும் அங்கே 15 வெள்ளிக்கு எடுத்தவைதான், போட்டுப் பார்த்தே எடுத்தாள்.

செந்தூல் பொண்ணு:
அக்கா, எண்ணிப் பார்த்தேன். 63-ல் 24 ஒரே மாதிரி! முக்கால் கை, காலர் இல்லை, நேர்வெட்டு. அதில் 11 கருநீலம். என் அலமாரியில் அப்படி ஒன்றுகூட இல்லை. எனக்கு நன்றாக உட்காருவது தோள் பதினாலரை அங்குலம், இறுக்கிப் பிடிக்கிற அந்தச் சட்டை பதின்மூன்றரை. இந்தச் சனிக்கிழமை மஸ்ஜிட் இந்தியா துணிக்கடைகளுக்குப் போய்க் கருநீலப் பருத்தித் துணி எடுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை மீட்டர் வேண்டும்?

ஊசிநூல் அக்கா, பிரிக்பீல்ட்ஸ்:
45 அங்குல அகலம் என்றால் 2 மீட்டர் போதும், இடுப்புக்குக் கீழே இறங்கியே வரும். வாங்கியதும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு, அப்புறம் தைக்கக் கொடு. நீ இப்போது போடும் கால்சட்டையையும் கையோடு கொண்டுபோ. கடை வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், வாசலுக்கு எடுத்து வந்து ஒத்துப் பார்.