வெள்ளைச் சட்டைக் கை

குழு: தாத்தா வீடு (பர்மாவில் ரங்கூன், மோல்மீன்; சென்னையில் எண்ணூர்)

அம்மா (எண்ணூர்)
எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று அப்பா திதி நல்லபடியாக முடிந்தது. ஐயர் பதினொரு மணிக்கு வந்தார். இலையில் வைத்த உடனே காக்கை வந்து எடுத்தது. படங்கள் கீழே போட்டிருக்கிறேன். பேரன் மட்டும் எதிலும் இல்லை. ஏன் என்று அவனே சொல்லட்டும்.

நான்
எல்லோரும் மன்னித்துக்கொள்ளுங்கள். தலைவர் விஜய் வருகிறார் என்று வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தகவல் வந்தது. விடியற்காலை நாலு மணிக்கே ஏர்போர்ட் வாசலுக்குப் போய்விட்டேன், பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கூட்டத்திலிருந்து வெளியே வரவே முடியவில்லை.
[படம்]

பெரிய மாமா (ரங்கூன்)
இப்போதுதான் கரண்ட் வந்தது. இணையத் தடையைத் தாண்ட விபிஎன் பிடித்து உள்ளே வருவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. தங்கச்சி, திதி படங்கள் பார்த்தேன், மனசு நிறைந்தது. வாழைக்காய் பொரியலைப் பார்த்ததும் அம்மா கை ஞாபகம். தம்பி, நீ போட்ட படத்தையும் பார்த்தேன். ஒரு வண்டியின் கூரை தெரிகிறது, தூக்கிப் பிடித்த போன்கள் ஐம்பது அறுபது தெரிகிறது. உன் தலைவர் எங்கே?

நான்
வலது மூலையில் மாமா. பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைச் சட்டைக் கை ஒன்று தெரியும். அது அவர் கைதான்.

அம்மா (எண்ணூர்)
அண்ணே, கையைப் பற்றி எழுதுகிறானே, காலைப் பற்றி எழுதினானா கேளுங்கள். செருப்பு போன இடம் தெரியவில்லை. தடுப்புக் கம்பி கிழித்து இடது பாதத்தில் நாலு தையல். ஒரு காலில் நொண்டிக்கொண்டு மூன்று மணிக்கு வந்து நின்றான். நான் அப்போதுதான் இலையை எடுத்து முடித்திருந்தேன்.

மோல்மீன் மாமா
ஐயோ தம்பி, ஊசி போட்டார்களா? டிடி ஊசி கட்டாயம் போட வேண்டும், கம்பி துருப்பிடித்ததாக இருக்கும்.

நான்
போட்டாச்சு மாமா. சின்னக் காயம்தான்.

ரங்கூன் மதினி
சின்னக் காயத்தோடு போனது தம்பி. கரூரில் உன் தலைவர் கூட்டத்தில் நடந்த நெரிசலை மறந்துவிட்டாயா? 2025 செப்டம்பர் 27. காலையிலிருந்து சனம் நின்றது, அவர் வந்து சேர ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது, 41 உயிர் போனது, அதில் குழந்தைகள் எத்தனை. அன்றைக்கு விடிய விடிய நான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ அங்கே போயிருப்பாயோ என்று அத்தைக்கு மூன்று தடவை போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

நான்
இருக்கிறது மதினி. நான் போகவில்லை. அதற்கு அப்புறம் எங்கள் தெருவில் பல பேர் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்கள்.

ரங்கூன் மதினி
நீ விடவில்லையே. அன்றைக்கு ராத்திரி இன்னொன்றும் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைத் தேடி ஓடுகிற ஒரு அம்மாவின் வாய்க்குக் கிட்டே மைக்கை நீட்டுகிறார்கள். ‘உங்களுக்கு இப்போ எப்படி இருக்கு’ என்று கேட்கிறார்கள். எந்தச் சேனல் என்று சொல்ல வேண்டாம், ஒரே ஒரு சேனல் என்றால் பரவாயில்லை. நானும் ஆன்லைனில் துணி விற்கிறவள், லைவ் போடுகிறவள், எதைப் போட்டால் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நடிகர் முகம் போட்டால் பார்ப்பார்கள், அழுகிற முகம் போட்டால் பார்ப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் விடாமல் பார்ப்பார்கள். 2018-இல் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது குளியல் தொட்டியை டிவியில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்களே, அதே ஆட்டம்தான். அந்த அம்மாவின் பிள்ளை பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

மோல்மீன் மாமா
மகளே, நீ சொல்வது சரி. ஆனால் தம்பியை ரொம்ப வையாதீர்கள். எனக்கு அவன் மனசு தெரியும். ரஜினி வருவார் வருவார் என்று 1996-இலிருந்து காத்திருந்தவன் நான். 2017 டிசம்பர் 31-இல் வருகிறேன் என்று சொன்னார், நாங்கள் இங்கே ஸ்வீட் வாங்கிக் கோயிலில் கொடுத்தோம். 2020 டிசம்பர் 29-இல் உடம்பு முடியவில்லை, வரவில்லை என்றார். எனக்குத் தமிழ்நாட்டில் ஓட்டே கிடையாது, நான் பிறந்தது மோல்மீன், சாகப்போவதும் மோல்மீன். ஆனாலும் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

பெரிய மாமா (ரங்கூன்)
அழுததில் தப்பில்லை தம்பி. இருபத்தைந்து வருஷம் ஒருத்தரை நினைத்துக்கொண்டிருந்தால் அழுகை வரத்தான் செய்யும். அந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு எதற்காவது காத்திருந்திருக்கலாமே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நான்
மாமா, ஒன்று கேட்கட்டுமா, கோபிக்கக் கூடாது. நடிகர் அரசியலுக்கு வந்தால் என்ன தப்பு? வக்கீல் வரலாம், வியாபாரி வரலாம், அவர் மட்டும் வரக் கூடாதா? எனக்கு முதல் ஓட்டு. எங்களைப் பற்றி யாராவது ஒருத்தர் பேச மாட்டாரா என்று இருக்கிறது. அவர் பேசினால் எனக்குப் புரிகிறது, மற்றவர்கள் பேசினால் தூக்கம் வருகிறது.

பெரிய மாமா (ரங்கூன்)
வரலாம். யாரும் தடுக்கவில்லை. சினிமாவும் அரசியலும் அங்கே எப்போதோ ஒன்றாகிவிட்டது, நீ பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே. பராசக்தி 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17-இல் வந்தது. அதில் வருகிற மூன்று அண்ணன்மாரும் எந்த ஊர்? ரங்கூன்தான். வசனம் எழுதியவர் கலைஞர், அப்புறம் ஐந்து தடவை முதலமைச்சர். சரியாக இருபது வருஷம் கழித்து அதே அக்டோபர் 17-இல், 1972-இல், எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். ரசிகர் மன்றங்கள் அப்படியே கட்சிக் கிளைகளாக மாறிவிட்டன, ஐந்து வருஷத்தில் ஆட்சி. மன்றத்துப் பையன்கள் ஏற்கெனவே தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டிப் பழகியவர்கள், அதுதான் அதன் பலம். ஆனால் பராசக்தியில் நடித்த சிவாஜி, அவரைப் போல நடிக்க ஆள் உண்டா, 1988-இல் கட்சி தொடங்கி அடுத்த வருஷம் திருவையாற்றில் தோற்றார். படம் பார்க்க வந்த கூட்டம் அத்தனையும் ஓட்டுப் போட வரவில்லை.

அம்மா (எண்ணூர்)
அண்ணே, எம்.ஜி.ஆரை மட்டும் குறை சொல்லாதீர்கள். 1982-இல் சத்துணவு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா மீன் கம்பெனியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார், வீட்டில் காலையில் நீராகாரம்தான். பள்ளிக்கூடத்தில் தட்டு நிறையச் சோறும் சாம்பாரும் போட்டார்கள். பருப்பு அடியில் தங்கியிருக்கும் என்று கடைசியாகப் போய் நிற்பேன். அந்தச் சோறு இல்லாவிட்டால் நான் ஐந்தாவது தாண்டியிருக்க மாட்டேன், இப்போது இந்தக் குழுவில் தமிழ் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

பெரிய மாமா (ரங்கூன்)
அந்தச் சோற்றை நான் குறை சொல்வேனா தங்கச்சி. நீ பசியாறினாய், அது போதும். ஆனால் அதற்கு முன்னாலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர் காமராஜர். அவர் எந்தப் படத்திலும் நடித்தவர் இல்லை. 1967-இல் என்ன நடந்தது? ஜனவரி 12-இல் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்தில் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிற படத்தைப் போஸ்டராக அடித்து ஒட்டினார்கள். பரங்கிமலைக்கு வந்து அவர் பிரசாரமே செய்யவில்லை, ஜெயித்தார். அதே தேர்தலில் விருதுநகரில், சொந்த ஊரில், காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு எல்லாம் சேர்ந்துதான், போஸ்டர் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போட்ட மனுஷனின் முகத்தைவிடக் கட்டுப்போட்ட முகம் சனத்தின் கண்ணில் பெரிதாகத் தெரிந்ததே. 1984-லும் அதேதான். அவர் அமெரிக்காவில், புரூக்லின் ஆஸ்பத்திரியில். அவர் உயிரோடு இருக்கிறார் என்று வீடியோ போட்டு ஊர் ஊராகக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் ஜெயித்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது தம்பி, கேட்பது நின்றுபோகிறது.

நான்
மக்களோடு நின்று கஷ்டப்பட்ட நடிகர்களும் இருக்கிறார்கள் மாமா.

ரங்கூன் மதினி
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்
மதினி, என்ன எழுதினீர்கள்? படிப்பதற்குள் போய்விட்டது.

பெரிய மாமா (ரங்கூன்)
நான்தான் நீக்கச் சொன்னேன், பக்கத்தில்தான் இருக்கிறாள். இவள் தினமும் பஸ்ஸில் போகிறவள், வழியில் போனை வாங்கிப் பார்ப்பார்கள். இந்த ஊர் விஷயம் இங்கே வேண்டாம்.

நான்
சரி மாமா. நான் படித்ததை மட்டும் சொல்கிறேன். 2021-இல் ராணுவம் ஆட்சிக்கு வந்த பிறகு உங்கள் ஊரில் ஒரு மாடல் நடிகரை ஏப்ரல் மாதம் பிடித்தார்கள், மூன்று வருஷம் தண்டனை, அடுத்த மார்ச்சில்தான் விட்டார்கள். சனத்தோடு நின்றதற்காக. அப்போது வாயைத் திறக்காமல் இருந்த நட்சத்திரங்களை ரசிகர்களே கைவிட்டார்கள் என்றும் படித்தேன்.

பெரிய மாமா (ரங்கூன்)
தெரியும். இதோடு விடு. நாளைக்கு நீயும் அழித்துவிடு.

மோல்மீன் மாமா
அண்ணன் சொல்வதைக் கேள் தம்பி.

நான்
சரி. ஆனால் அந்த ரசிகர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கேள்வி கேட்டார்களே.

பெரிய மாமா (ரங்கூன்)
அதை உன் தலைவரிடமும் கேள். அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கட்சியின் கொள்கை என்ன, அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த எண்ணூர்த் தண்ணீர் பற்றி என்ன சொன்னார், உன் அம்மா கேன் தண்ணீர் வாங்கியே மாதம் எவ்வளவு செலவு செய்கிறாள், கேட்டாயா? நாலு மணிக்கு நின்றாய், ஆறு மணி நேரம் நின்றாய், ஒரு வார்த்தை கேட்க முடிந்ததா?

நான்
இல்லை மாமா. அவர் வண்டியிலிருந்து கையை மட்டும் அசைத்தார்.

பெரிய மாமா (ரங்கூன்)
உனக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, தங்கச்சிக்கும் தெரியாது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, எங்கள் ஜவுளிக்கடையும் போனது. அடுத்த வருஷம் அப்பா கப்பல் ஏறினார். பெரியப்பாவுக்குத் துணை வேண்டும், நிலைமை சரியானதும் அழைத்துக்கொள்கிறேன் என்று என்னை விட்டுவிட்டு அம்மாவோடு போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்தில் தகரப் பெட்டியைக் கொட்டிச் சோதித்தார்கள். அம்மாவின் வளையல் போனது, மூக்குத்தி போனது. மூடியின் உள்பக்கம் ஓர் அட்டை செருகியிருந்தது, சினிமாப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய எம்.ஜி.ஆர். படம். சோதித்த ஆள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்திரமாக மறுபடி செருகி வைத்தார். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்குக் கப்பலில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று நினைத்தேன். அறுபது வருஷம் ஆகிறது. எங்கே எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்டாலும் எனக்கு அந்த வேலிதான் ஞாபகம் வருகிறது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. நேற்று திதி அன்றைக்கு நீ வரவில்லை என்று தெரிந்ததும் அந்த அட்டைதான் கண் முன்னால் வந்து நின்றது.

மோல்மீன் மாமா
அண்ணே 🙏

ரங்கூன் மதினி
அப்பா இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

நான்
மாமா, நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் திதிக்கு நான்தான் இலை போடுவேன்.

அம்மா (எண்ணூர்)
அண்ணே, அந்த அட்டை இங்கேதான் இருக்கிறது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாமி மாடத்தில். நேற்றுகூடத் துடைத்து வைத்தேன். அப்பா அதை யாரையும் தொட விடமாட்டார். நாங்களும் எம்.ஜி.ஆர். மேல் பக்தி என்றுதான் நினைத்திருந்தோம். பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கும், கணக்கு என்று நினைத்து நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இருங்கள், எடுத்து வருகிறேன்.

அம்மா (எண்ணூர்)
மேலே யாருக்கோ கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டு வரி. கீழே விலாசம் மாதிரி இருக்கிறது. பாதி அழிந்துவிட்டது. மொகல் தெரு என்று படிக்க முடிகிறது. முன்னால் இருக்கிற நம்பர் தெரியவில்லை.

பெரிய மாமா (ரங்கூன்)
மொகல் தெருவா? அது பழைய பேர். இப்போது ஷ்வே பொந்தா தெரு. பெரியப்பா வீடு. நான் இருந்த வீடு. மூன்றாவது மாடி என்று இருக்கிறதா பார்.

அம்மா (எண்ணூர்)
இருக்கிறது அண்ணே. ‘3-ம் மாடி, பின்கட்டு’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பேர்.

பெரிய மாமா (ரங்கூன்)
படம் எடுத்துப் போடு.

அம்மா (எண்ணூர்)
என் போனில் எடுத்தால் பென்சில் எழுத்து தெரியவில்லை.

நான்
நான் எடுக்கிறேன் மாமா. வாசலில் வெயில் நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் எடுத்து அனுப்புகிறேன்.

பெரிய மாமா (ரங்கூன்)
பின்பக்கம் போதும். சீக்கிரம் போடு, கரண்ட் போய்விடும். காலை ஊன்றி நடக்காதே.