அயோவாவில் 1870 வரை இருக்கிறார், அப்புறம் காணோம்: எங்கே தேடுவது?

கேள்வி

என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா ஜெர்மன் பகுதியான ஹானோவரில் பிறந்தவர். குடும்பப் பெயர் கோக். 1860, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அமெரிக்காவின் அயோவா மாநிலம் கிளேட்டன் கவுண்டியில் விவசாயி. 1880-இல் கிடைக்கவில்லை. 1900-இல் மனைவி மட்டும் நெப்ராஸ்காவின் கியூமிங் கவுண்டியில், விதவை என்ற குறிப்போடு. குடும்ப பைபிளில் ஏழு பிள்ளைகளின் பிறந்த தேதி உண்டு, இவர் இறந்த தேதி இல்லை. அதுவும், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் வேண்டும்.

பதில்

1880-இல் சவுண்டெக்ஸ் (ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும்) முறையில் தேடியிருந்தால், கிடைக்காததை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷ்மிட், ஸ்மித் இரண்டுக்கும் அதில் ஒரே குறியீடு. ஆனால் கோக் என்பதை 'குக்' என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் முதல் எழுத்தே கே-யிலிருந்து சி-க்கு மாறிவிடும். சவுண்டெக்ஸ் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் சிக்காது. குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஒரு பிள்ளையின் முதற்பெயர், இரண்டு வயது முன்பின், பிறப்பு அயோவா, தந்தையின் பிறப்பிடம் என்று ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் போடுங்கள். தந்தையின் பிறப்பிடத்தை ஹானோவர், பிரஷ்யா, ஜெர்மனி என மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஹானோவர் 1866-இல் பிரஷ்யாவோடு இணைக்கப்பட்டது.

1890 கணக்கெடுப்பு 1921 தீ விபத்தோடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆனால் நெப்ராஸ்காவுக்கு 1885-இல் தனிக் கணக்கெடுப்பு உண்டு. பல பக்கங்களில் முதற்பெயருக்குத் தலைப்பெழுத்துதான் இருக்கும், பிள்ளைகளின் வயது வரிசையை வைத்துப் பிடிக்க வேண்டும்.

பிள்ளைகள் எந்த மாநிலத்தில் பிறந்தார்கள்? 1900-இல் தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று இருக்கிறது?

கேட்டவர்

1874-இல் பிறந்த மகன் அயோவா, 1878-இல் பிறந்த மகள் நெப்ராஸ்கா. பெற்றது ஒன்பது என்று இருக்கிறது.

இன்னொரு பதில்

அப்படியானால் குடிபெயர்ந்தது 1874-க்கும் 1878-க்கும் இடையில். அந்தக் காலத்து நெப்ராஸ்கா என்றால் முதலில் ஹோம்ஸ்டெட் நிலத்தை, அதாவது குடியேறுபவர்களுக்கு அரசு கொடுத்த நிலத்தைப் பாருங்கள். 1862 சட்டப்படி 160 ஏக்கர் வரை, ஐந்து ஆண்டு குடியிருந்து சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். நடுவில் கணவர் இறந்தால் விதவையே நிரூபித்துப் பட்டா வாங்கலாம். அதனால் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் தளத்தில் மனைவி பெயரிலும் தேடுங்கள். அங்கே கிடைப்பது பட்டா மட்டும். அதிலுள்ள எண்ணைக் கொண்டு முழுக் கோப்பையும் எடுங்கள், நெப்ராஸ்கா கோப்புகள் ஃபோல்ட்3 என்ற ஆவணத் தளத்தில் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. விதவை நிரூபித்த கோப்பில் கணவர் எப்போது இறந்தார் என்று அவரே சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தாரா என்றும் பார்த்துவிடுங்கள். விதவை ஓய்வூதியம் கேட்டவர் திருமணத்தை நிரூபித்தாக வேண்டும், பிறந்த வீட்டுப் பெயர் அங்கே வந்துவிடும். இல்லையென்றால் நெப்ராஸ்காவில் நடந்த பிள்ளைகளின் திருமணப் பதிவுகள். மணமக்களின் தாயார் பெயரைக் கேட்டு எழுதும் வழக்கம் அங்கே உண்டு. மாநில இறப்புப் பதிவு 1904-இல்தான் தொடங்கியது, 1900-க்கு முன்பே இறந்த கணவருக்கு அதைத் தேட வேண்டாம்.

பைபிளில் விடுபட்ட இரு பிள்ளைகள் சின்ன வயதில் இறந்திருக்கலாம். முகப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். அதற்கு முந்தைய பிறப்புகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் பின்னாளில் நினைவிலிருந்து எழுதியவை; தேதிகளை அப்படியே நம்பக்கூடாது.

முதலில் பதில் சொன்னவர்

1880 கணக்கெடுப்போடு தனியாக எடுத்த இறப்பு அட்டவணையையும் விடாதீர்கள். 1879 ஜூன் முதல் 1880 மே வரை இறந்தவர்கள் அதில்தான் இருப்பார்கள், முதன்மைக் கணக்கெடுப்பில் இருக்க மாட்டார்கள். மனைவி 1880-இலேயே விதவை என்று கிடைத்தால் அந்த அட்டவணையில் கியூமிங் கவுண்டிப் பக்கங்களைப் பெயர் வைத்துத் தேடாமல் வரி வரியாகப் படியுங்கள்.