போர் தண்ணி உப்பு: யூவி மட்டும் போதுமா?

தேவனாம்பட்டினம் அக்கா:
கடலூர்ல எங்க போர் தண்ணிக்கு டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டுது. குக்கர் அடியில வெள்ளையா படியுது. கடைக்காரர் யூவி (புற ஊதா ஒளி) சுத்திகரிப்பு போதும்ங்கிறார். குழந்தை குடிக்கிற தண்ணி, மனசு கேக்கல.

முத்தியால்பேட்டை தம்பி:
யூவி கிருமியைத்தான் அழிக்கும், உப்பைத் தொடாதுக்கா. இந்தியத் தர அளவு 500. வேற தண்ணியே இல்லன்னாதான் 2,000 வரைக்கும். ஆர்ஓ போடுங்க, அது தண்ணியை மெல்லிய சவ்வு வழியா அழுத்தி உப்பைப் பிரிச்சு, கழிவுத் தண்ணியோட வெளிய தள்ளிடும். அந்தச் சவ்வை 1959 வாக்குல அமெரிக்காவுல உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம நாட்டு சௌரிராஜன். சொல்லும்போதே பெருமையா இருக்கு! கழிவுத் தண்ணியைப் பிடிச்சு வைங்க, வாசல் கழுவ ஆகும்.

தேவனாம்பட்டினம் அக்கா:
கழிவே இல்லாம எதுவும் வரலையா தம்பி?

வில்லியனூர் அண்ணன்:
கெப்பாசிட்டிவ் டீஅயனைசேஷன்னு ஒண்ணு இருக்கும்மா. மின்வாய் ரெண்டும் உப்பு அயனியை இழுத்துப் பிடிச்சுக்கும். கழிவு குறைவு, ஆனா அறவே இல்லாம இல்ல. உள்ளூர்ல சர்வீஸுக்கு ஆள் இருந்தா மட்டும் வாங்குங்க.