டிரான்ஸ்ஃபர் அமுக்கினால் சில நேரம் லைன் கட்டாகிறது, ஏன்?

டர்பன்_புதுசு:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ரிசப்ஷனில் சேர்ந்திருக்கிறேன். ஊரில் எல்லாமே மொபைல்தான், மேசை போனைத் தொட்டதே இல்லை. இங்கே இருப்பது நெட்வொர்க் கேபிளில் ஓடும் பெரிய ஐபி போன், ஓரத்தில் வரிசையாக விளக்கு வைத்த பட்டன்கள். என் கன்டெய்னர் எங்கே என்று யாராவது கூப்பிட்டால் ஆபரேஷன்ஸ் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் அமுக்கி அவருடைய உள் நம்பர் 204 போட்டு ரிசீவரை வைத்துவிடுகிறேன், சில நேரம் போகிறது, சில நேரம் அந்த ஆளே மறுபடியும் கூப்பிட்டு என்னிடம் கத்துகிறார். அவசரத்தில் 204 விளக்குப் பட்டனையே அமுக்கிவிடுவதும் உண்டு. அப்புறம், ஹோல்டும் மியூட்டும் ஒன்றுதானா?

வயர்மேன்:
ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் போடுவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிரான்ஸ்ஃபரில் இரண்டு வகை. ஒன்று, ஆளிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பது: நீங்கள் டிரான்ஸ்ஃபர் அமுக்கியதும் வாடிக்கையாளர் ஹோல்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், உங்களுக்குப் புது டயல் டோன் வரும். 204 போடுங்கள், அண்ணன் எடுக்கட்டும், "கன்டெய்னர் விஷயமாக இன்னார் பேசுகிறார்" என்று சொல்லுங்கள், அவர் சரி என்றால் இரண்டாவது தடவை டிரான்ஸ்ஃபர் அமுக்குங்கள். இந்த இரண்டாவது அமுக்கல்தான் லைனை ஒப்படைப்பது. நடுவில் ரிசீவரை வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த எக்ஸ்சேஞ்சில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது: சில இடத்தில் லைன் மாறிவிடும், சில இடத்தில் அண்ணனுக்குப் போன கால் மட்டும் கட்டாகி வாடிக்கையாளர் ஹோல்டிலேயே தொங்குவார். திரையில் கேன்சல், ரெஸ்யூம் என்று வருகிறதா பாருங்கள், அண்ணன் எடுக்காவிட்டால் கேன்சல் போட்டு ரெஸ்யூம் அமுக்கினால் வாடிக்கையாளர் திரும்பக் கிடைப்பார். இன்னொரு வகை பிளைண்ட், யார் என்று சொல்லாமல் தள்ளிவிடுவது. அண்ணன் சீட்டில் இல்லையென்றால் கால் வாய்ஸ்மெயிலுக்குப் போகும், அல்லது சுற்றி உங்களிடமே வரும்.

அந்த விளக்குப் பட்டன் தனிக் கதை. பேசிக்கொண்டிருக்கும்போது அதை அமுக்கினால் ஒரு ஆபீசில் பிளைண்டாகப் போகும், இன்னொரு ஆபீசில் அண்ணனைப் புதிதாகக் கூப்பிடும், செட்டிங் அப்படி. உங்களுக்குச் சில நேரம் போய்ச் சில நேரம் போகாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
வயர்மேன் சொன்னது சரி, ஆனால் தம்பி, முதலில் விளக்கைப் பார்க்கப் பழகுங்கள். பெரும்பாலும் பச்சை என்றால் ஆள் சும்மா இருக்கிறார், சிவப்பு என்றால் பேசுகிறார், மினுக்கினால் அவர் போன் அடிக்கிறது. சிவப்பாக இருப்பவருக்கு ஏன் தள்ள வேண்டும்? பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு, "அவர் கூப்பிடுவார்" என்று சொல்லுங்கள்.

ஹோல்டும் மியூட்டும் வேறு வேறு. மியூட்டில் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது மட்டும் போகாது. ஹோல்டில் இரண்டு பக்கமும் எதுவும் கேட்காது, அவருக்குப் பாட்டுதான். பாஸிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஹோல்டு. ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு பேசாதீர்கள், கை வைத்தாலும் பேச்சு அந்தப் பக்கம் கேட்கலாம்.

பைன்டவுன்காரன்:
வெளியே போடும் நம்பர் பற்றி ஒன்று. இங்கே தென்னாப்பிரிக்காவில் 2007 ஜனவரியிலிருந்து உள்ளூருக்கும் பத்து இலக்கம் முழுதாகப் போட வேண்டும், பக்கத்துத் தெருவானாலும் டர்பன் கோடு 031 சேர்த்துத்தான். வெளி லைனுக்கு முதலில் 0 போடும் ஆபீஸ் என்றால் இந்தியாவுக்கு 0, அப்புறம் 00, அப்புறம் 91. வெறும் 00 91 என்று போட்டால் முதல் சைபரை எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும், எங்கேயோ போகும். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, இவற்றுக்கு முன்னால் அந்த 0 வேண்டுமா வேண்டாமா என்று ஐடி ஆளிடம் இன்றைக்கே கேட்டு போனிலேயே ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று, லோட்ஷெடிங், அதாவது முறைபோட்டுக் கரண்டை நிறுத்துவது. பழைய டெலிபோனுக்குக் கரண்ட் டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்தே லைனில் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். உங்கள் ஐபி போனுக்கு அநேகமாக நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் கரண்ட் வருகிறது, அதனால் கேபிள்கள் சேரும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இல்லையென்றால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் செத்துவிடும். ரிசப்ஷன் நம்பரை மொபைலுக்கு ஃபார்வர்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் அதைப் போனில் போடாமல் சர்வீஸ் கொடுப்பவரிடம் போடச் சொல்ல வேண்டும், ஆபீஸ் எக்ஸ்சேஞ்சே அணைந்து கிடந்தால் போனில் போட்ட ஃபார்வர்ட் எதற்கும் ஆகாது.

டர்பன்_புதுசு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மதியம் பேசிக்கொண்டே விளக்கை அமுக்கிப் பார்த்தேன், வயர்மேன் அண்ணா சொன்ன மாதிரி பிளைண்டாகத்தான் போகிறது, இனி 204 என்று கையாலேயே போடுகிறேன். போனின் பின்னால் இரண்டு கேபிள் இருக்கிறது, ஒன்று கம்ப்யூட்டருக்குப் போகிறது, அதைப் பிடுங்கலாமா? மேசையைத் துடைக்க இடைஞ்சலாக இருக்கிறது.

வயர்மேன்:
வேண்டாம். கம்ப்யூட்டருக்கு நெட்டே அந்தப் போன் வழியாகத்தான் போகிறது. கேபிளைத் தூக்கிப் பிடித்துத் துடையுங்கள்.