எஸ்எம்சி மோல்டு: ஷியர் எட்ஜ் இடைவெளி எவ்வளவு விடலாம்?

வணக்கம் நண்பர்களே. மின் மீட்டர் பெட்டிக்கு எஸ்எம்சி (கண்ணாடி இழை கலந்த ரெசின் ஷீட்) கம்ப்ரெஷன் மோல்டு டிசைன் செய்கிறேன். பி20 ஸ்டீல், ஆயில் ஹீட்டிங், 150 டிகிரி செல்சியஸ். இன்ஜெக்‌ஷன் மோல்டு பழக்கம் உண்டு, தெர்மோசெட் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக்) புதுசு.

குழப்பமே ஷியர் எட்ஜில்தான், அதாவது மோல்டு மூடும்போது கோர் (உள்ளே நுழையும் பாதி) கேவிட்டிக்குள் (குழிவான பாதி) நெருக்கமாக இறங்கும் விளிம்பில். பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன். கோர் நீளம் 500 மி.மீ. கேவிட்டியைவிட கோர் 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலே அந்த இடைவெளி ஏறக்குறைய காலி. எட்ஜ் உரசிக் கடித்துவிடும். கேவிட்டியை 5 டிகிரி கூட்டி வைத்தால் போதுமா, இல்லை 0.1 ஆக்கிவிடலாமா? பிசிறு கொஞ்சம் வந்தால் தேய்த்துக்கொள்ளலாம், மோல்டு கடித்தால் செலவு தாங்காது.

இன்னொன்று: ரிப்புக்கு (வலுவுக்கு வைக்கும் விலா) எதிர்ப்புறம் சிங்க் மார்க் (மேற்பரப்புக் குழிவு) வராமலிருக்க ரிப்பின் அடித்தடிமனை எவ்வளவு குறைக்கிறீர்கள்? கோவைப் பக்கம் மோல்டுக்கு ஹார்டு குரோம் பூச்சு நன்றாகப் போடுபவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். எஸ்எம்சி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் பதில் போட்டால் பெரிய உதவி.