குழந்தைகளின் கைவினை முகாமில் நடந்த ஒன்று, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை

பேப்பர் வெட்டும் மேஜை என் பொறுப்பு. மூன்றாம் நாள், எட்டு வயதுப் பெண் ஒருத்தி. மற்ற பிள்ளைகள் மீன் வெட்டி முடித்துச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் பேப்பர் மட்டும் கத்தரிக்கோலின் வாய்க்குள் மடிந்து மடிந்து போனதே தவிர, வெட்டுப்படவே இல்லை. "மெதுவா", "பேப்பரை நேரா வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே வாங்கி வெட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த மீனை அவள் தொடக்கூட இல்லை. கட்டைவிரல் அடியில் சிவந்து கன்றியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

* * *

இதற்குப் போய் இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

எங்கள் முகாமில் என் பொறுப்பு பலூன் முகமூடி. பலூன் மேல் செய்தித்தாள் துண்டும் பசையும் மூன்று அடுக்கு. மறுநாள் முகாம் முடிகிறது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று பலூனை உடைக்கச் சொல்லிவிட்டேன். உள்ளே ஈரம். எல்லாம் மெல்ல உள்வாங்கியது. ஒரு பையன் அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மூக்கு இருந்த பக்கத்தை உள்ளேயிருந்து கையால் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்துகொண்டே இருந்தான். கையை எடுத்தால் மறுபடி அமுங்கும். மறுபடி தள்ளுவான். அப்பா வந்து கூப்பிடும் வரைக்கும்.

இப்போதெல்லாம் முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறேன்.

* * *

திருப்பிப் பிடித்தால் சரியாகும் என்றவருக்கு: ஆகாது. சாதாரணக் கத்தரிக்கோலை எப்படித் திருப்பினாலும் மேலே வரும் அலகு வலப்பக்கம்தான் இருக்கும். வலது கை அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. அதையே இடது கை அழுத்தினால் விலகுகின்றன. அந்த இடைவெளியில்தான் பேப்பர் மடிகிறது. வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அலகுகளே மாற்றிப் பொருத்திய இடதுகைக் கத்தரி தனியாகக் கிடைக்கிறது. "இரண்டு கைக்கும்" என்று விற்பதில் பெரும்பாலும் பிடி மட்டும்தான் வேறு, அது உதவாது. சுமார் பத்துப் பேரில் ஒருவர் இடதுகைக்காரராக இருப்பார், முகாமுக்கு இரண்டு வாங்கி வையுங்கள்.

நான் அந்தப் பெண்ணைப் போன்ற குழந்தைதான். எழுதுவது இடது கை. வெட்டுவது இன்றைக்கும் வலது கை.

* * *

முதலில் எழுதியவர் வாங்கி வெட்டிக் கொடுத்தது எனக்கு உறுத்துகிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகன் முகாமிலிருந்து ஓர் ஆந்தை கொண்டுவந்தான். அட்டைச் சுருளில் செய்தது. கண் இரண்டும் ஒரே அளவு, ஓரத்தில் துளி பசை இல்லை. "எவ்வளவு அழகா இருக்கு!" என்றேன். "அது அக்கா செஞ்சது. என்னோடது அங்க குப்பைத்தொட்டியில இருக்கு" என்றான். செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். அந்த ஆந்தையை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

* * *

எல்லோரும் கத்தரியைப் பற்றியே பேசுகிறீர்கள், பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன்னை மறந்துவிட்டீர்கள். எங்கள் முகாமில் ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவ்வளவுதான் கதை. ஆனால் இதைக் கேளுங்கள். அதிக வெப்பக் கன்னில் பசை சுமார் 190 டிகிரி செல்சியஸ் இருக்கும், குறைந்த வெப்பக் கன்னில் 120 டிகிரி அளவில். குறைந்ததும் சுடும்தான், ஆனாலும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மற்றதைக் கொண்டுவரவே வேண்டாம். கன் பெரியவர் கையில், தனி மேஜையில் இருக்கட்டும். ஒயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது. பட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் பசையைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். பாதி வேலைக்கு வெள்ளைப் பசையும் துணி மாட்டும் கிளிப்பும் போதும், காயும்வரை கிளிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தலைமுடியைக் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதியவள்தான். வெட்டிக் கொடுத்தது தப்பு என்று சொன்னவர் சொன்னது சரி. மீன் முடியாமலே போயிருக்கலாம்.

இடதுகைக் கத்தரி இரண்டு வாங்கிவிட்டேன். நானும் இடது கையில் பிடித்து ஒரு பழைய நாட்காட்டியை வெட்டிப் பார்த்தேன். முதல் நாள் எதையும் கொடுக்குமுன் பென்சில்களை மேஜை நடுவில் வைத்து, யார் எந்தக் கையால் எடுக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

இந்த வருடப் பட்டியல் நேற்று வந்தது. இரண்டு தடவை தேடினேன். அவள் பெயர் இல்லை.