பாதிக் குளிர்காலத்திலேயே காய்ந்த விறகு கரைந்துவிட்டது. மீதி வாரங்களை எப்படிக் கடப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டைச் சூடாக்க இரும்பாலான விறகுக் கணப்பு ஒன்றைத்தான் நம்பியிருக்கிறோம். ஆறு கன மீட்டர் அடுக்கு விறகு இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் இருபது வாரக் குளிரைக் கடந்துவிடுவோம். இந்த ஆண்டோ குளிர் வழக்கத்துக்கு மீறி இறங்கியதால் பத்து வாரத்தில் நான்கு கன மீட்டர் எரிந்துபோய், இரண்டே மிஞ்சியிருக்கிறது. இது தவிர, இலையுதிர் காலத்தில் வெட்டி, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பிளந்து அடுக்கிய மூன்று கன மீட்டர் விறகு, அடுத்த ஆண்டுக்கென்று கொல்லையில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வெட்டுமுனையில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டிருந்ததே தவிர, அரை மணி நேரம் ஆகியும் சுடர் பிடிக்கவில்லை. கணப்பின் கண்ணாடி முழுவதும் கரியேறிவிட்டது.

இவ்வளவு விறகு தின்னும் அளவுக்குக் கணப்பில் ஏதேனும் பழுது இருக்குமா? பச்சை விறகைக் காய்ந்த விறகோடு கலந்து எரிக்கலாமா? இரவில் காற்றுத் திறப்பை முழுவதும் மூடிவைத்தால் விறகு மிச்சமாகும் என்று சிலர் சொல்வது சரியா?

முதல் மறுமொழி

கணப்பில் பழுது இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன. ஒரு வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். உள்ளே 20 டிகிரி வைத்துக்கொள்கிறீர்கள் என்றும், வழக்கமான ஆண்டில் வெளியே சராசரியாக 2 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் வேறுபாடு 18. இந்த ஆண்டு வெளிச் சராசரி மைனஸ் 4-க்கு இறங்கியிருந்தால் வேறுபாடு 24 ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பத்து வாரத்தில் மூன்று கன மீட்டர் எரிய வேண்டிய வீட்டில் நான்கு எரிந்ததற்கு இதுவே போதிய காரணம்.

குளிர் இதே அளவில் நீடித்தால் உங்களுக்கு இன்னும் நான்கு கன மீட்டர் வேண்டும். கையில் இருப்பது அதில் பாதி. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது தேவையைத்தான். உள் வெப்பநிலையை 20-இலிருந்து 17-க்குக் கொண்டுவந்தால் வேறுபாடு 24-இலிருந்து 21 ஆகி, எட்டில் ஒரு பங்கு விறகு மிஞ்சும். அது மட்டும் போதாது. கணப்பு இருக்கும் அறையையும் அதை ஒட்டிய ஓர் அறையையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அறைகளின் கதவுகளை மூடி, கதவின் அடி இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, சன்னல்களுக்குக் கனமான திரை போடுங்கள். பெரிய மிச்சம் இங்கேதான் கிடைக்கும். ஆனால் மூடும் அறைகளில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று முன்னதாகவே பாருங்கள். ஓடினால் அந்தப் பகுதிக்கு வரும் நீரை அடைத்து, குழாயிலுள்ளதை வடித்துவிட வேண்டும்; உறைந்து வெடித்த குழாயைச் சரிசெய்யும் செலவில் அந்த ஆண்டு விறகு முழுவதையும் வாங்கிவிடலாம்.

இன்னொன்று: குவியலைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள், எடை போடுங்கள். அடுக்கின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் காற்றிடைவெளி. உங்களுடையது வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் இரண்டு கன மீட்டர் அடுக்கு சுமார் 900 கிலோ இருக்கும். எழுபது நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பதின்மூன்று கிலோ. காலையில் ஒரு கூடையில் அந்த அளவை நிறுத்து உள்ளே கொண்டுவந்து, அது தீர்ந்த பிறகு கொல்லைப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், எந்த நாளில் கை நீளுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

பச்சை விறகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை இப்போதுள்ள நிலையில் காய்ந்த விறகோடு கலந்து எரிப்பது, நல்ல விறகைச் செலவழித்துத் தண்ணீர் காய்ச்சுவதற்கு ஒப்பாகும். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. ஒரு கிலோ விறகில் ஈரம் நாற்பது சதவீதமாக இருந்தால் அதில் நானூறு கிராம் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். நீங்கள் கண்ட நுரையும் சீற்றமும் அதுதான்.

ஆயினும் அந்தக் குவியலைக் கைகழுவ வேண்டியதில்லை. முதலில் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது மொத்தென்று அடங்கும். நின்ற நிலையிலேயே பட்டுப்போன மரம் ஏதேனும் அதில் கலந்திருந்தால் தட்டும்போதே தனியாகத் தெரியும். பிறகு ஈரப்பதமானி கொண்டு அளவிடுங்கள். உறைந்த கட்டையில் மானி தவறான எண்ணைக் காட்டும் என்பதால், ஒரு நாள் வீட்டுக்குள் வைத்திருந்து, புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் முள்ளைக் குத்த வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் எந்த விறகும் நல்ல விறகாகத்தான் தெரியும். கையடக்க மானிகள் பெரும்பாலும் உலர்ந்த எடையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகின்றன. அவற்றில் 25 என்று காட்டுவது, மொத்த எடையில் 20 சதவீத ஈரத்துக்குச் சமம். எரிக்கத் தகுந்த எல்லையும் அதுதான்.

தேறாத கட்டைகளை மணிக்கட்டுக் கனத்துக்கு மீண்டும் பிளந்துவிடுங்கள். கடுங்குளிரில் உறைந்த பச்சைக் கட்டை கோடாரிக்கு எளிதாக வாய் பிளக்கும். இந்த ஆண்டுக் குளிரால் வந்த ஒரே நன்மை அது. பிளந்ததைக் கணப்பிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத தொலைவில், காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் காற்று மிகவும் வறண்டிருப்பதால், பைன், பிர்ச் போன்ற மரங்களில் இரண்டு மூன்று வாரங்களிலேயே வேறுபாடு தெரியும். ஓக் அவ்வளவு சீக்கிரம் இணங்காது; அதை அடுத்த ஆண்டுக்கே விட்டுவிடுங்கள். நாற்பது சதவீத ஈரமுள்ள நூறு கிலோ விறகு இருபது சதவீதத்துக்குக் காய்வதற்குள் 25 லிட்டர் நீரை உங்கள் அறைக் காற்றில் விட்டிருக்கும் என்பதால், ஒரே நேரத்தில் நிறைய அடுக்காதீர்கள். வெளியே இருப்பதற்குத் தார்ப்பாய் மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும். பக்கங்களையும் சேர்த்து மூடினால் விறகு புழுங்குமே தவிரக் காயாது.

மூன்றாம் மறுமொழி

இரவில் காற்றை முழுவதும் அடைப்பது மிச்சமே இல்லை. விறகைச் சூடாக்கும்போது அதன் உலர் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் வாயுவாக வெளியேறுகிறது; சுடராக எரிவது அந்த வாயுதான். காற்றை அடைத்தால் அது எரியாமல் புகையாகப் போய், குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் தாராகப் படிகிறது. வெப்பத்தையும் இழந்து, புகைபோக்கி தீப்பிடிப்பதற்கான வழியையும் நாமே செய்துவைக்கிறோம். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து வேறு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கனமான காய்ந்த கட்டைகளைப் போட்டு, நன்றாகச் சுடர்விட்டு எரியவிட்டு, தணலான பிறகு திறப்பைக் குறையுங்கள். தணலைச் சாம்பலால் மூடி ஒதுக்கிவைத்தால் காலையில் கிளறிச் சுள்ளி வைக்கும் அளவுக்குக் கங்கு மிஞ்சியிருக்கும்.

அந்த ஈர விறகை நீங்கள் பல முறை எரித்திருந்தால், குளிர்காலம் முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே புகைபோக்கியைத் துடைக்கச் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விறகுப் பஞ்சத்தில் சாயம் பூசிய பலகையையும் மருந்தேற்றிய மரத்தையும் கணப்பில் போடும் ஆசை வரும், போட வேண்டாம்.

சாம்பலைப் பற்றி என் அனுபவம் ஒன்று. ஒன்றரை நாள் ஆறிய சாம்பல்தானே என்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளித் திண்ணையில் வைத்தேன். மறுநாள் காலையில் வாளியின் அடிப்பாகம் உருகி, மரத்தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அன்று முதல் மூடியுள்ள தகரப் பாத்திரம், அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றுப் பகல் முழுவதும் கட்டைகளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கணீரென்று ஒலித்தவை மட்டும் ஏறத்தாழ அரை கன மீட்டர் தேறின. ஒன்றைப் பிளந்து அளந்தபோது மானி 22 காட்டியது. பட்டுப்போன ஒரு மரத்தையும் சேர்த்து அறுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேல்மாடியை மூடி, அங்கு செல்லும் குழாயை வடித்துவிட்டோம். இன்றைய கூடை பதினைந்து கிலோ ஆகிவிட்டது, பதின்மூன்றுக்கு இன்னும் வரவில்லை. ஓர் ஐயம்: உள்ளே அடுக்கிய மறுநாளே சன்னல் கண்ணாடிகளில் நீர் கோத்து வழிகிறது. விறகை வெளியே எடுத்துவிட வேண்டுமா?

இரண்டாமவர்

வேண்டாம். உள்ளே இருப்பதில் பாதியை மட்டும் குறையுங்கள். காலையிலும் மாலையிலும் எதிரெதிரான இரண்டு சன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். அந்த நேரத்தில் ஈரக் காற்று போய்விடும், சுவரில் சேர்ந்த சூடு அவ்வளவு விரைவில் போகாது. நாள் முழுவதும் ஒரு சன்னலை இடுக்காகத் திறந்து வைப்பதுதான் விறகைத் தின்னும்.